வன்முறைக்கு ஆளானோர்க்கு உள்ளூர் உதவி: வாயில்களும் வழிகளும்

ஒரு நாட்டின் சமூக நலப் பணிகளை மதிப்பிடும்போது எத்தனை சட்டங்கள் இயற்றப்பட்டன, எத்தனை நிலையங்கள் நிறுவப்பட்டன, எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது என்று கணக்கிடுவது வழக்கம். இக்கணக்குகள் தேவையானவையே. ஆயினும் இவற்றால் மட்டும் ஒரு பணி நிறைவு பெற்றதாகக் கொள்ள இயலாது. உதவி தேவைப்பட்டவர், தேவைப்பட்ட வேளையில், உரிய இடத்தைச் சென்றடைந்தாரா என்பதே இறுதியான அளவுகோல். வீட்டிற்குள் நிகழும் வன்முறையைப் பொறுத்தமட்டில் இந்த அளவுகோல் மிகவும் கடுமையானது. ஏனெனில், அடிபட்டவர் உதவி நாடிப் புறப்படுவது பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான். அம்முறை வழி தவறினால் அவர் மறுமுறை புறப்படுவார் என்பதற்கு உறுதி இல்லை.

சற்றேறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன், கால்நடைக் கடன் திட்டங்களின் பயனை அறியும் பொருட்டு வட மாநிலம் ஒன்றின் கிராமத்தில் வீடு வீடாகச் சென்று விவரம் திரட்ட நேர்ந்தது. வினாக்கள் அனைத்திற்கும் பொறுமையாக விடையளித்த ஓர் இளம் பெண், நான் தாள்களைக் கட்டி எழுந்தபோது, தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார். “வீட்டில் அடி விழுந்தால் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், ஐயா?” காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றேன். “அங்கே இருப்பவர்கள் எல்லாரும் என் கணவருக்குப் பழக்கம். வேறு இடம் இல்லையா?” என்றார். எருமை வாங்கக் கடன் எங்கே கிடைக்கும், அதற்கான படிவம் எது, யார் கையொப்பமிட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போதே சில ஆண்டுகள் கடந்திருந்தன. சட்டம் இருந்ததை அவரும் அறியவில்லை. அது அவருக்கு என்ன அளிக்கிறது என்பதை நானும் அறிந்திருக்கவில்லை.

அப்பெண்ணின் கேள்விக்கு இன்று என்ன விடை கூறலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெருகிய ஏற்பாடுகளும் குறைந்த நாட்டமும்

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 29.3 விழுக்காட்டினர் தம் வாழ்நாளில் எப்போதேனும் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். உடல்சார்ந்த அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே எவரிடமேனும் உதவி நாடியிருக்கின்றனர். நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டோர் உதவி நாடவும் இல்லை, எவரிடமும் வாய் திறக்கவும் இல்லை. உதவி நாடியவர்களுள்ளும் பெரும்பான்மையோர் பிறந்த வீட்டாரிடமே சென்றனர். காவல் துறையையோ மருத்துவரையோ வழக்கறிஞரையோ சமூகநல நிறுவனத்தையோ அணுகியவர்கள் மிகச் சிலரே.

இதில் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 2005-06ஆம் ஆண்டு ஆய்வில், உதவி நாடியோர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினராக இருந்தனர். அதன் பின்னர்ச் சட்டம் வந்தது, மையங்கள் வந்தன, தொலைபேசி எண்கள் வந்தன. உதவி நாடுவோரின் விகிதமோ உயரவில்லை, குறைந்தது. வெவ்வேறு ஆண்டுகளின் ஆய்வுகளை ஒப்பிடுவதில் சில இடர்ப்பாடுகள் உண்டு என்பது உண்மையே. அச்சம், நாணம், பொருளாதாரச் சார்பு, குழந்தைகளின் எதிர்காலம் பற்றிய கவலை ஆகிய பல காரணங்கள் பெண்ணின் வாயை அடைக்கின்றன என்பதும் உண்மையே. எனினும், ஏற்பாடுகளைப் பெருக்கினால் பயன்பாடு தானே பெருகிவிடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துள்ளது என்ற அளவிலாவது இப்புள்ளிவிவரங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வளர்ந்து வந்த வரலாறு

இன்றுள்ள உதவி அமைப்புகள் ஒரே நாளில், ஒரே திட்டத்தின் கீழ்த் தோன்றியவை அல்ல. 1953இல் துர்காபாய் தேஷ்முக் அம்மையாரைத் தலைவராகக் கொண்டு மத்திய சமூக நல வாரியம் நிறுவப்பட்டது. 1969இல் இன்னலுற்ற பெண்கள் குறுகிய காலம் தங்குவதற்கான இல்லங்கள் தொடங்கப்பட்டன. 1973இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 1983இல் கணவரும் அவரைச் சார்ந்தோரும் இழைக்கும் கொடுமை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498அ பிரிவின்படி தனிக் குற்றமாக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 ஆகிய பிரிவுகள் அதன் இடத்தைப் பெற்றுள்ளன.

தொண்டு நிறுவனங்களும் கல்வி நிலையங்களும் மேற்கொண்ட இரு முயற்சிகளைத் தனியே கூற வேண்டும். 1984இல் டாடா சமூக அறிவியல் நிலையம் மும்பைக் காவல் துறையுடன் இணைந்து, காவல் துறைக்குள்ளேயே பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் அமர்ந்து உதவும் சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் மும்பை மாநகராட்சியும் ‘செஹத்’ என்னும் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, பாந்த்ராவிலுள்ள பாபா மருத்துவமனையில் ‘திலாசா’ என்னும் மையத்தை ஏற்படுத்தின. காவல் நிலையத்தின் படியேறத் தயங்கும் பெண்ணும் காயத்திற்கு மருந்திட மருத்துவமனைக்கு வருவாள். ஆகவே அவள் ஏற்கெனவே வந்து செல்லும் இடத்திலேயே உதவியும் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. ‘விழுந்துவிட்டேன்’ என்று கூறி வருபவரின் காயத்தைக் கண்டு உண்மை நிலையை உணர்ந்துகொள்ள மருத்துவர்களும் செவிலியர்களும் பயிற்றுவிக்கப்பட்டனர்.

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுஞ்செயலுக்குப் பின், 2013-14ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி ஏற்படுத்தப்பட்டது. அந்நிகழ்ச்சியை ஆராய்ந்த நீதிபதி உஷா மெஹ்ரா ஆணையம், எல்லா உதவிகளும் ஒரே கூரையின் கீழ்க் கிடைக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2015இல் ‘சகி’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் பிறந்தன. முதல் மையம் சத்தீஸ்கரின் ராய்ப்பூரில் அமைந்தது. இன்று நாடெங்கும் 800க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. 2022 முதல் இவையும் பிற மகளிர் பாதுகாப்புத் திட்டங்களும் ‘மிஷன் சக்தி’ என்னும் பெருந்திட்டத்தின் கீழ் ஒன்றுசேர்க்கப்பட்டுள்ளன.

இவ்வாறு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு துறை ஒவ்வொரு வாயிலைத் திறந்தது. வாயில்கள் பல இருப்பது நன்மையே. ஆனால் எந்த வாயில் எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பது மக்களுக்கு விளங்காமற்போனதும் இதே வளர்ச்சியின் விளைவாகும்.

வழிகாட்டுவது சட்டக் கடமை

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. மனைவி மட்டுமன்றித் தாய், சகோதரி, மகள் ஆகியோரும், திருமணமின்றி இணைந்து வாழும் பெண்ணும் இதன் பாதுகாப்பைப் பெறுவர். உடலை வருத்துவது மட்டுமே வன்முறை என்று இச்சட்டம் கருதவில்லை. பாலியல் கொடுமை, வசைமொழி, மனத்துன்பம் ஆகியவற்றுடன், வீட்டுச் செலவுக்குப் பணம் மறுத்தல், சீதனத்தைப் பறித்தல், உரிமையுள்ள சொத்தை விற்றல் போன்ற பொருளாதாரக் கொடுமையும் வன்முறையே.

இச்சட்டத்தின் நிவாரணப் பிரிவுகள் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகின்றன. வழிகாட்டும் கடமை பற்றிய பிரிவுகளோ அத்தனை அறியப்படவில்லை. அவற்றுள் நான்கினை அலுவலர் ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, 4ஆம் பிரிவு. வன்முறை நிகழ்ந்தது, நிகழ்கிறது அல்லது நிகழக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். பாதிக்கப்பட்டவரே வர வேண்டும் என்பதில்லை. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர இயலாது. அண்டை வீட்டார், ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரின் அச்சத்தைப் போக்கும் பிரிவு இது.

இரண்டாவது, 5ஆம் பிரிவு. புகாரைப் பெறும் காவல் அலுவலர், பாதுகாப்பு அலுவலர், சேவை அளிப்போர், குற்றவியல் நடுவர் ஆகியோர் பாதிக்கப்பட்டவருக்கு ஐந்து செய்திகளைத் தெரிவித்தாக வேண்டும்: இச்சட்டத்தின்கீழ் நிவாரணம் கோரும் உரிமை, சேவை அளிப்போரின் உதவி, பாதுகாப்பு அலுவலரின் உதவி, இலவச சட்ட உதவி பெறும் உரிமை, குற்றப் புகார் அளிக்கும் உரிமை. ‘இது எங்கள் வேலை அல்ல, வேறிடம் செல்லுங்கள்’ என்று கூறி அனுப்புவதற்கு இங்கு இடமே இல்லை.

மூன்றாவது, 9ஆம் பிரிவு. பாதுகாப்பு அலுவலர் தம் நடுவர் மன்ற எல்லைக்குள் சட்ட உதவியும் ஆலோசனையும் அளிப்போர், தங்கும் இல்லங்கள், மருத்துவ நிலையங்கள் ஆகிய அனைத்தின் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்று இப்பிரிவு விதிக்கிறது. உள்ளூர் உதவிகளின் பட்டியல் என்பது ஆர்வமுள்ள அதிகாரி ஒருவரின் அருட்செயல் அன்று. நாடாளுமன்றம் விதித்த கடமை.

நான்காவது, 11ஆம் பிரிவு. இச்சட்டத்தை வானொலி, தொலைக்காட்சி, அச்சேடுகள் வாயிலாகக் குறித்த கால இடைவெளியில் விளம்பரப்படுத்தும் பொறுப்பு மத்திய, மாநில அரசுகளைச் சாரும்.

இப்பொறுப்புகள் போதிய அளவில் நிறைவேறவில்லை என்பதற்கு அண்மைச் சான்று உண்டு. பல இடங்களில் பாதுகாப்பு அலுவலர் பணி வேறொரு பதவிக்குக் கூடுதல் பொறுப்பாக ஒட்டப்பட்டிருந்தது. சில இடங்களில் அதுவும் இல்லை. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பு அலுவலர் இல்லாத மாவட்டங்களிலும் வட்டங்களிலும் மகளிர் மற்றும் குழந்தைகள் நலத் துறை அலுவலர்களை அப்பொறுப்புக்கு நியமிக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

மாவட்டத்தில் உள்ள வாயில்கள்

இனி, ஒரு மாவட்டத்தில் உள்ள உதவிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

உயிருக்கு ஆபத்து நேரும் வேளையில் முதல் வாயில் 112 என்னும் அவசர அழைப்பு எண். காவல், மருத்துவம், தீயணைப்பு ஆகிய மூன்றும் இதன் வழியே கிடைக்கும். ஆபத்து உடனடியானதாக இல்லாதபோதும், எங்கே செல்வது என்று அறிய விரும்பும்போதும், மகளிர் உதவி எண்ணான 181ஐ அழைக்கலாம். ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் செயற்படும் இவ்வெண், அழைப்பவரை அருகிலுள்ள சேவை மையம், காவல் நிலையம், மருத்துவமனை ஆகியவற்றுடன் இணைத்து விடுகிறது. குழந்தைகளுக்கு 1098, முதியோர்க்கு 14567, சட்ட உதவிக்கு 15100, மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்கள் உள்ளன.

இரண்டாவது வாயில், ஒருங்கிணைந்த சேவை மையம். மருத்துவ உதவி, காவல் துறை உதவி, சட்ட ஆலோசனை, மன ஆறுதல், தற்காலிகத் தங்கல் ஆகிய ஐந்தும் இங்குக் கட்டணமின்றிக் கிடைக்கும். ஐந்து நாட்கள் வரை தங்கலாம். வீட்டிற்குள் நிகழ்ந்த வன்முறை மட்டுமன்றிப் பணியிடத்திலோ தெருவிலோ நிகழ்ந்ததற்கும் இங்கு உதவி பெறலாம். மணமானவரா, எந்தச் சாதி, எந்த மதம் என்ற வேறுபாடு இல்லை. இம்மையங்கள் மருத்துவமனை வளாகத்திலோ, அதிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவிற்குள்ளோ அமைய வேண்டும் என்பது திட்டத்தின் நெறிமுறை. ஆதலால் மையத்தின் முகவரி தெரியாதவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரித்தால் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

மூன்றாவது வாயில், பாதுகாப்பு அலுவலர். நடந்தவற்றைக் கேட்டறிந்து குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையைத் தயாரித்து நடுவருக்கு அனுப்புவதும், மனு எழுத உதவுவதும், தங்குமிடமும் சிகிச்சையும் பெற்றுத் தருவதும் இவருடைய கடமைகள். மனு கிடைத்ததும் மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணையைக் குறிக்க வேண்டும் என்றும், முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. வழக்குகளின் நெருக்கத்தால் இக்கெடு பல இடங்களில் காக்கப்படுவதில்லை. ஆகவே, இடைக்கால ஆணை கோரும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு மறவாமல் எடுத்துரைக்க வேண்டும். எதிர்த்தரப்பினரைக் கேட்பதற்கு முன்னரே, அவருடைய உறுதிமொழி ஆவணத்தின் அடிப்படையில் நடுவர் அத்தகைய ஆணையைப் பிறப்பிக்கலாம். கூட்டாக வாழ்ந்த வீட்டில், அது எவர் பெயரில் இருந்தபோதிலும், தொடர்ந்து வசிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

நான்காவது வாயில், சட்டப் பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழுவும், வட்ட நீதிமன்றங்களில் வட்டக் குழுவும் உள்ளன. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு ஏதுமின்றி இலவசமாக வழக்கறிஞரின் உதவியைப் பெறலாம். ஏழை என்று சான்று காட்டினாலன்றி இவ்வுதவி கிட்டாது என்ற தவறான எண்ணம் அலுவலர்களிடையேயும் நிலவுகிறது.

ஐந்தாவது வாயில், மருத்துவமனை. பாலியல் வன்கொடுமைக்கும் அமில வீச்சுக்கும் ஆளானோர்க்கு அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனடியாக, கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும்; மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். குடும்ப வன்முறையைப் பொறுத்தவரை, நிகழ்வு அறிக்கை முன்னரே பதிவாகவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சட்டத்தின்கீழ் வரும் மருத்துவ நிலையம் சிகிச்சையை மறுத்தலாகாது. தங்கும் இல்லமும் அவ்வாறே இடம் மறுத்தலாகாது. ‘முதலில் புகார், பிறகு உதவி’ என்பது சட்டத்தில் இல்லாத ஒரு முறை.

ஆறாவது வாயில், காவல் நிலையம். குற்றம் எந்த எல்லையில் நிகழ்ந்ததாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்பதை 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு தெளிவாக்கியுள்ளது. மின்னணு வழியாகவும் தகவல் அளித்து, மூன்று நாட்களுக்குள் கையொப்பமிடலாம்.

ஐந்து நாட்களுக்கு மேல் தங்க இடம் வேண்டுவோர்க்குச் சக்தி சதன் எனப்படும் இல்லங்கள் உள்ளன. துன்புறுத்தப்படும் குழந்தைகளுக்கு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவே உரிய அமைப்பு. பாலியல் குற்றத்திற்குக் குழந்தை ஆளானதை அறிந்தவர் அதனைத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டாயமாகும். பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோர் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருவாய்க் கோட்ட அளவிலுள்ள தீர்ப்பாயத்தை அணுகலாம். மாற்றுத் திறனாளிகள் மீதான கொடுமை பற்றி நிர்வாகத் துறை நடுவரிடம் முறையிட 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது.

‘உள்ளூர்’ என்பது எது?

கணவர் வீடு ஒரு மாவட்டத்திலும் பிறந்த வீடு வேறொரு மாநிலத்திலும் இருப்பது நம் நாட்டில் இயல்பு. தப்பி வந்த பெண்ணை, ‘சம்பவம் நடந்த ஊருக்கே செல்க’ என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இது சட்டத்திற்கு மாறானது. பெண் நிலையாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் இடத்தின் நடுவரே மனுவை ஏற்கலாம் என 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. கொடுமை பற்றிய குற்ற வழக்கையும் பெண் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே தொடரலாம் என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே, உள்ளூர் என்பது வன்முறை நிகழ்ந்த ஊர் மட்டும் அன்று. பாதிக்கப்பட்டவர் இன்று எங்கே நிற்கிறாரோ அதுவும் உள்ளூரே.

தேடும் செலவு

பொருளியலில் ஒரு பண்டத்தின் விலையுடன் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் செலவையும் சேர்த்தே கணக்கிடுவர். இலவச உதவியும் தேடும் செலவு மிகுந்தால் விலையுயர்ந்த உதவியாகி விடுகிறது.

மாவட்டத் தலைநகரிலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். கைக்குழந்தையுடன் ஒரு பெண் காலைப் பேருந்தில் புறப்படுகிறாள். ஒரு நாள் கூலி போயிற்று. முதல் அலுவலகத்தில் வேறோர் அலுவலகத்தைக் காட்டுகின்றனர். அங்குள்ள அலுவலர் களப்பணிக்குச் சென்றுள்ளார். மூன்றாவது இடத்தில், ஒளிநகல் கொண்டு வரச் சொல்கின்றனர். மாலைப் பேருந்து புறப்படும் நேரம் நெருங்குகிறது. அவள் எங்கே சென்றிருந்தாள் என்பதைக் கணவன் அதற்குள் அறிந்துவிட்டான். அன்றிரவு அவள் திரும்பிச் செல்ல வேண்டிய இடம் அந்த வீடுதான். மூன்று அலுவலகங்களின் பதிவேடுகளிலும் அவள் பெயர் இல்லை. ‘எங்கள் மாவட்டத்தில் புகார்கள் குறைவு’ என்று ஆண்டறிக்கை கூறும்.

இச்செலவைக் குறைக்கப் புதிய கட்டடம் தேவையில்லை. பெரிய நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. சரியான செய்தி, சரியான இடத்தில், சரியான நாளில் கிடைத்தால் போதும்.

வட்டார உதவிக் கையேடு

9ஆம் பிரிவு கூறும் பட்டியல் பாதுகாப்பு அலுவலரின் மேசை அறையில் இருப்பதனால் பயனில்லை. ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஓரிரு பக்கங்களில் அடங்கும் கையேடாக அது உருப்பெற வேண்டும். அதில் இடம்பெற வேண்டியவை யாவை?

அலுவலகத்தின் பெயரை விட அதன் இருப்பிடம் முக்கியம். பேருந்து நிலையத்திலிருந்து எவ்வளவு தொலைவு, எந்தக் கட்டடத்திற்கு அருகில், எத்தனையாவது மாடி என்பவை வேண்டும். திறந்திருக்கும் நேரமும், நேரம் கடந்த பின் எவரை அழைப்பது என்பதும் வேண்டும். என்ன ஆவணம் தேவை என்பதை விட, எந்த ஆவணமும் இன்றி வரலாமா என்பதைச் சொல்ல வேண்டும். மகனையும் உடன் அழைத்து வரும் தாய்க்கு எந்த வயது வரை மகனைச் சேர்த்துக்கொள்வார்கள் என்பது தெரிய வேண்டும். இது தெரியாமையால் படியேறித் திரும்பிய தாய்மார் பலர். பேசப்படும் மொழிகள், மாற்றுத் திறனாளிகளுக்கான வசதி, ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து ஆகியவையும் சேர வேண்டும். இறுதியாக, விவரம் சரிபார்க்கப்பட்ட தேதி கட்டாயம் இருக்க வேண்டும். அலுவலர் மாறுவார், எண் மாறும், மையம் இடம் பெயரும். மூன்று மாதத்திற்கு ஒரு முறை ஒவ்வோர் எண்ணையும் அழைத்து, ஒவ்வோர் இடத்தையும் நேரில் கண்டு திருத்தாத பட்டியல், வழி காட்டுவதற்குப் பதில் வழி மாற்றும்.

இப்பணியில் மாணவர்களுக்குப் பெரும் பங்குண்டு. நாட்டு நலப் பணித் திட்ட மாணவர்கள் ஒரு வட்டாரத்தைத் தேர்ந்து, ஓர் எளிய மனிதர் செல்வதைப் போலவே பேருந்தில் சென்று, செலவான நேரத்தையும் பணத்தையும் குறித்து, கையேட்டைத் தயாரித்துப் பாதுகாப்பு அலுவலரிடம் அளிக்கலாம். பொருளியல், சமூகப் பணி மாணவர்களுக்கு இதனினும் சிறந்த களப்பயிற்சி அரிது.

சில எச்சரிக்கைகளும் தேவை. தங்கும் இல்லத்தின் முகவரியைப் பொது இடத்தில் ஒட்டலாகாது. துரத்தி வருபவரும் அதைப் படிப்பார். அழைக்க வேண்டிய எண்ணும், முதலில் செல்ல வேண்டிய மையமும் குறிக்கப்பட்டால் போதும். துண்டுத்தாளைப் பெண்ணின் கையில் திணிக்கலாகாது. வீட்டில் அது அகப்பட்டால் அடிக்கு மற்றொரு காரணமாகும். கருவுற்ற மகளிர்க்கான பரிசோதனை அறை, மகளிர் கழிப்பறை, நியாய விலைக் கடை, சுய உதவிக் குழுக் கூட்டம் ஆகியவை செய்தியை வைக்கத் தக்க இடங்கள். அவருடைய தொலைபேசிக்குத் திரும்ப அழைக்கும் முன் எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கணவரை உடனே வரவழைத்துச் சமாதானம் பேசும் பழக்கம் நல்லெண்ணத்திலிருந்து பிறந்ததாயினும், பாதுகாப்பை உறுதி செய்யாமல் அதில் இறங்குவது ஆபத்தானது. முடிவு பாதிக்கப்பட்டவருடையது. வழியைத் தெளிவாகக் காட்டுவதும், அவர் விரும்பினால் உடன் செல்வதும் அலுவலரின் பங்கு.

முடிவுரை

திட்டமிடுவோர் ஒரு சேவையை ‘ஏற்படுத்தியாயிற்று’ என்று குறிக்கும் நாளும், அது ஒரு பெண்ணுக்குக் ‘கிடைத்தது’ எனக் குறிக்கத்தக்க நாளும் ஒன்றல்ல. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்கச் செய்வது பாதுகாப்பு அலுவலரின் பணி மட்டும் அன்று. விவரம் திரட்டச் செல்லும் அலுவலரும், கடன் வழங்கும் வங்கி ஊழியரும், தடுப்பூசி போடும் செவிலியும், ஆசிரியரும் அத்தொலைவில் ஏதேனும் ஓரிடத்தில் நிற்பவர்களே. உதவி கேட்போர் பெரும்பாலும் உரிய அலுவலகத்தில் கேட்பதில்லை. முதலில் நம்பத் தோன்றியவரிடம் கேட்கின்றனர்.

அந்த இளம் பெண்ணின் கேள்விக்கு இன்று என்னால் விடை கூற இயலும். 181ஐ அழைக்கலாம், மாவட்ட மருத்துவமனைக்கு அருகிலுள்ள சேவை மையத்திற்குச் செல்லலாம், காவல் நிலையத்திற்குச் செல்லாமலேயே பாதுகாப்பு அலுவலரிடம் கூறலாம், பிறந்த ஊரிலேயே மனு அளிக்கலாம், வழக்கறிஞருக்குப் பணம் வேண்டியதில்லை. இந்த ஐந்து வாக்கியங்கள் அன்று என்னிடம் இல்லை. பொதுப் பணியில் இருப்போரும் இருக்கப் போவோரும் தத்தம் வட்டாரத்திற்குரிய இவ்வைந்து வாக்கியங்களையும், அவற்றிற்குரிய முகவரிகளோடும் எண்களோடும், இன்றே அறிந்து வைத்துக்கொள்வது நன்று. கேள்வி எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை.